முதல் ஒரு மணி நேரம்

கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.பி.எஸ். என்ற சர்வதேச விதிப்படி ஆண்டுக்கொரு முறை நடத்த வேண்டிய பயிற்சி. அந்தத் தடவை மேசையைச் சுற்றி உட்கார்ந்தே முடித்துக்கொண்டோம். வெளிநாட்டு நிறுவனம் நடத்தும் கண்டெய்னர் டெர்மினல், பாதுகாப்பு நிலை மூன்று, அதாவது உச்ச நிலை, என்று வைத்துக்கொண்டு பேச வேண்டும். இளம் அதிகாரி ஒருவர் கையை உயர்த்தினார்: "சார், டெர்மினலை உடனே எடுத்துக்கோங்கன்னு மேலேருந்து உத்தரவு வந்தா, முதல் ஒரு மணி நேரத்துல எதைக் கையில எடுக்கணும்?"

"கேட்டும் கன்ட்ரோல் ரூமும்" என்றேன். யாரும் மறுக்கவில்லை. அறிக்கையிலும் அப்படியே ஏறிவிட்டது.

அந்தப் பதிலுக்கு ஆதாரம் இல்லாமலில்லை. நம்மூர்ப் பெரிய துறைமுகங்களில் நிலமும் கடல்பக்கமும் துறைமுக ஆணையத்துடையவை. கப்பல் உள்ளே வர போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதி, வழிகாட்டும் பைலட், டக் எனும் இழுவைப் படகு வேண்டும். டெர்மினல்காரர் இவற்றைத் தன்னிஷ்டத்துக்கு ஏவ முடியாது. சுங்கமும் குடிநுழைவும் அரசுத் துறைகள். பாதுகாப்பு நிலையை ஒன்றிலிருந்து இரண்டுக்கோ மூன்றுக்கோ ஏற்றுவதும் அரசுதான். டெர்மினல்காரருக்குக் குத்தகைக் காலம் முழுக்கக் கிடைப்பது ஜெட்டி விளிம்பிலிருந்து கேட் வரை. அவசரநிலையில் அரசே எடுத்து நடத்தலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவும் வழக்கமாக இருக்கும். தூத்துக்குடிக்கு சிங்கப்பூரின் பி.எஸ்.ஏ. 1998-இலேயே வந்துவிட்டது. 2006-இல் பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனத்தை துபாயின் டி.பி. வேர்ல்டு வாங்கியபோது அது நடத்திவந்த சென்னை டெர்மினலும் சேர்ந்து கைமாறியது. அதே விற்பனையில் வந்த அமெரிக்க டெர்மினல்களுக்கு அங்கே நாடாளுமன்றமே கொதித்தெழ, அவற்றை மட்டும் விற்றுவிட்டு விலகினார்கள். நிறுவனம் ஒன்று, விற்பனை ஒன்று, பயம் மட்டும் ஊருக்கொன்று.

இருந்தாலும் அந்தக் கேள்வி விடவில்லை. கன்ட்ரோல் ரூமைக் கைப்பற்றினால் நம் கைக்கு வருவது திரைகள். பெட்டிகளை அடுக்கிவைக்கும் யார்டு எங்கே இருக்கிறது என்றால், எந்தப் பெட்டி எங்கே என்று கணக்கு வைக்கும் டி.ஓ.எஸ். என்கிற மென்பொருளின் தரவுத்தளத்தில் இருக்கிறது. பிளாக் சி, பே 14, ரோ 3, டியர் 1: எந்தத் தொகுதி, நீளவாக்கில் எந்த இடம், எந்த வரிசை, எத்தனையாவது அடுக்கு. ஒரு பெட்டியின் விலாசம் இவ்வளவுதான். அந்தத் தரவுத்தளம் பக்கத்து அறையிலும் இருக்கலாம், வேறு நாட்டிலும் இருக்கலாம். இணைப்பு அறுந்தால் 10,000 பெட்டி உள்ள யார்டு இரும்புக் குவியல். ஆறு ரோ, ஐந்து உயரம் அடுக்கிய பிளாக்கில் அடியில் கிடக்கும் ஒரு பெட்டியை எடுக்க மேலே உள்ள நான்கை நகர்த்த வேண்டும். எது அடியில் என்பதே தெரியாவிட்டால் டார்ச் அடித்து நம்பர் படித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். நடுவில் இருக்கும் ரோக்களின் நம்பர் கீழிருந்து சரியாகத் தெரியவும் தெரியாது. ரீஃபர் எனும் குளிர்பதனப் பெட்டிகளைப் பிளக் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அபாயச் சரக்கைப் பக்கவாட்டு ஸ்டிக்கர் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும், அதுவும் ஸ்டிக்கர் இந்தப் பக்கம் திரும்பியிருந்தால்.

2017 ஜூனில் நாட்பெட்யா என்ற கணினி வைரஸ் டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் குழுமத்தைத் தாக்கியபோது மும்பைக்கு எதிரே நாவ ஷேவாவில் அவர்கள் நடத்தும் டெர்மினலும் நின்றது. யாரும் நம்மைக் குறிவைக்கவில்லை. உக்ரைனில் கணக்கெழுதும் மென்பொருள் ஒன்றின் வழியாகக் கிளம்பிய வைரஸ் அது. 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. 2023 நவம்பரில் டி.பி. வேர்ல்டு ஆஸ்திரேலியா, ஊடுருவலைக் கண்டதும் தானே இணைய இணைப்பைத் துண்டித்தது. கப்பலிலிருந்து பெட்டி இறங்கியது. லாரி உள்ளே வரவும் வெளியே போகவும் முடியவில்லை. சுமார் 30,000 பெட்டிகள் தேங்கின. கேட்டைப் பிடி என்று நான் சொன்னேனே, அங்கே கேட்டை யாரும் பிடிக்காமலேயே பூட்டிவிட்டார்கள்.

அடுத்தது கிரேன். ஜெட்டியில் நிற்கும் பெரிய கிரேன்களில் டிரைவர் கேபினுக்குக் கீழே தொங்கும் ஸ்ப்ரெடர், அதாவது பெட்டியைப் பிடிக்கும் சட்டம், நான்கு மூலையிலும் உள்ள டிவிஸ்ட்லாக் என்ற பூட்டு பூட்டிவிட்டதாக சென்சார் சொன்னால்தான் தூக்கும். அந்த முடிவை எடுப்பது பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி. கோளாறு வந்தால் தயாரித்தவரின் ஆள் தூரத்திலிருந்தே உள்ளே நுழைந்து பார்ப்பதற்கு ஒரு வழி இருப்பதுண்டு. மோடம் ஒன்று, பாஸ்வேர்டு ஒன்று. பழுது சீக்கிரம் சரியாகும், ஆகவே யாரும் அதை அணைக்கச் சொல்வதில்லை. அமெரிக்கத் துறைமுகங்களின் இத்தகைய கிரேன்களில் சுமார் 80 சதவீதம் சீனத் தயாரிப்பு. 2024 பிப்ரவரியில் அங்கே துறைமுகங்களின் சைபர் பாதுகாப்புக்கென்று அதிபர் உத்தரவே போட்டார்கள். கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு 2023 அக்டோபரில் வந்த முதல் கப்பல் ஷென் ஹுவா 15 கொண்டுவந்ததும் சீனக் கிரேன்களைத்தான். டெர்மினல் இந்தியருடையது, கிரேன் சீனத்தினுடையது. இதில் வெளிநாட்டுக் கட்டுப்பாடு எங்கே தொடங்குகிறது என்று கோடு போடச் சொன்னால் என்னால் போட முடியாது.

மறுபக்கமும் உண்டு. கிரேன் ஓட்டுபவர், கப்பலில் பெட்டிகளைக் கட்டி இறுக்கும் லாஷிங் செய்பவர், யார்டு பிளானர் எல்லாம் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். அவர்கள் ஷிஃப்டுக்கு வந்தால் டெர்மினல் தள்ளாடியாவது ஓடும். மெர்ஸ்க் ஆட்களும் அந்த நாட்களில் காகிதத்தையும் வாட்ஸ்அப்பையும் வைத்து ஓட்டத்தான் செய்தார்கள். அப்படிப் பார்த்தால் முதல் மணி நேரத்தில் கைப்பற்ற வேண்டியது எதுவுமில்லை. அடுத்த ஷிஃப்டுக்கு ஆள் வருமா என்று போன் போட வேண்டும். இதை யோசித்த அன்று கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

நிம்மதி நிலைக்கவில்லை, இலங்கை ஞாபகம் வந்தது. 2014-இல் சீன நீர்மூழ்கி கொழும்புக்கு வந்தபோது, 85 சதவீதப் பங்கு சீன நிறுவனத்திடம் உள்ள கண்டெய்னர் முனையத்தில் அதைக் கட்டி நிறுத்தினார்கள். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017-இல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள், தொகை 112 கோடி டாலர். 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அங்கே வருவதாக இருந்தபோது கொழும்பு முதலில் தள்ளிப்போடச் சொன்னது, பிறகு அனுமதித்தது, 16-ஆம் தேதி கப்பல் வந்து கட்டியது. இரண்டு தடவையும் கப்பல் திருட்டுத்தனமாக நுழையவில்லை. அனுமதி கொடுத்தது இலங்கை அரசுதான். கப்பலை உள்ளே விடும் அனுமதி முறைப்படி அரசின் கையில்தான் இருந்தது. கடன் பாக்கி நிற்கும்போது அந்தக் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதுதான் வேறு விஷயம். ஈரானின் சபஹார் துறைமுகத்தை நடத்த 2024 மே மாதம் நாமே 10 ஆண்டு ஒப்பந்தம் போட்டோம்; ஈரானில் யாராவது ஒரு மேசையில் உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இன்று கேட்டால் வேறு பதில் சொல்வேன். ஒவ்வொரு ஷிஃப்டு முடியும்போதும் யார்டு இருப்புப் பட்டியலைத் தாளில் அச்சடித்து டெர்மினலுக்கு வெளியே, துறைமுக ஆணையத்திடம் வைக்க வேண்டும். பெட்டி நம்பர், இடம், எடை, அபாய வகுப்பு, ரீஃபர் என்றால் வெப்பநிலை. கிரேன் மோடத்துக்குச் சுவரில் ஒரு சுவிட்ச், வேலை நடக்கும்போது மட்டும் போட வேண்டும், போட்டவர் கையெழுத்து. பி.எல்.சி. நிரலின் பிரதி ஒன்று, பாஸ்வேர்டோடு, சீல் வைத்த உறையில்.

திருத்திய வரைவில் இவற்றை எழுதியும் ஆயிற்று. அப்புறம்தான் உறைத்தது: எந்தப் பெட்டியில் வெடிபொருள், அது எந்த பிளாக்கில் எத்தனையாவது அடுக்கில் என்று தெளிவாகச் சொல்லும் தாளை ஒரு நாளைக்கு மூன்று முறை டெர்மினலுக்கு வெளியே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தாளை எந்த அலமாரியில் வைப்பது, சாவி யாரிடம் என்று நிரப்ப வேண்டிய கட்டம் வரைவில் இன்னும் காலியாகவே கிடக்கிறது.