ஒரு 'தி' போட்டதற்கு நான் கொடுத்த விலை

ஆய்வுக் கட்டுரை முதல் சுற்றிலேயே திரும்பி வந்தது. பிழை கணக்கில் இல்லை, 'தி' (the) என்ற ஆங்கிலச் சிறு சொல்லில் இருந்தது என்பதை ஏற்க எனக்குப் பல நாட்கள் ஆயின. பிரௌவர் தேற்றத்தைக் கொண்டு சார்புக்கு நிலைப்புள்ளி (சார்பு இடம் மாற்றாமல் அப்படியே விட்டுவைக்கும் புள்ளி, ஆங்கிலத்தில் 'ஃபிக்ஸ்டு பாயிண்ட்') உண்டு என்று நிறுவிவிட்டு, அடுத்த வரியிலேயே 'தி ஃபிக்ஸ்டு பாயிண்ட்' என்று எழுதியிருந்தேன். அத்தேற்றம் நிலைப்புள்ளி உண்டு என்று மட்டுமே சொல்கிறது. ஒன்றுதான் உண்டு என்று சொல்வதில்லை. 0 முதல் 1 வரையிலான மூடிய இடைவெளியில், எண்ணை அதன் வர்க்கத்துக்கு அனுப்பும் சார்புக்கு 0, 1 என இரண்டு நிலைப்புள்ளிகள் இருப்பதைக் காட்டி, "ஒருமைத்தன்மைக்கு நிரூபணம் எங்கே?" என்று மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார். சுருக்கச் சார்புக்கு, அதாவது புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைக் குறிப்பிட்ட விகிதத்தில் குறைக்கும் சார்புக்கு, ஒரே ஒரு நிலைப்புள்ளிதான் உண்டு என்று சொல்லும் பனாக் தேற்றத்தைப் பயன்படுத்தியிருந்தால் அந்த 'தி' செல்லும். என் சார்போ சுருக்கச் சார்பு அன்று.

அவசரத்தில் எல்லா இடத்திலும் 'எ' (a) என்று மாற்றி அனுப்பியதுதான் இன்னும் பெரிய தவறு. இரண்டாம் முறை 'எ ஃபிக்ஸ்டு பாயிண்ட்' என்று எழுதினால் அது வேறொரு புள்ளியாகவும் இருக்கலாம் என்பதால், "முன்பு சொன்ன புள்ளிதானா இது?" என்ற கேள்வியோடு கட்டுரை மறுபடியும் திரும்பியது. முதலில் 'எ' போட்டு, அங்கேயே புள்ளிக்குப் 'பி' என்று பெயரிட்டு, பிறகு பெயரை மட்டும் எழுதியதும் சிக்கல் தீர்ந்தது. இப்படிப் பெயரிட்டுவிடுவதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை.

அதன்பின் ஒவ்வொரு 'தி'யையும் தேடி எடுத்து, அந்த இடத்தில் தமிழில் 'அந்த' என்றோ 'ஒரே' என்றோ சொல்ல முடிகிறதா என்று பார்த்தேன். திசையன் வெளிக்குப் பேசிஸ் (வெளி முழுவதையும் உருவாக்கப் போதுமான, மிகையில்லாத திசையன்களின் தொகுதி) பல இருக்கலாம், ஆகவே பெரும்பாலும் 'எ பேசிஸ்'. அத்தொகுதியிலுள்ள திசையன்களின் எண்ணிக்கையான பரிமாணம் ஒன்றே, ஆகவே 'தி டைமென்ஷன்'. தேற்றங்களின் பெயர்களுக்கு இந்தச் சோதனை உதவாது, அவற்றை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்: 'தி பிரௌவர் ஃபிக்ஸ்டு பாயிண்ட் தியரம்' சரி, 'பிரௌவர்ஸ் தியரம்' என்றால் முன்னால் 'தி' கூடாது, 'தியரம் 3' என்று எண்ணிட்டாலும் கூடாது.

மூன்றாம் சுற்றில் கட்டுரை ஏற்கப்பட்டது. திருத்தம் ஒன்றே ஒன்று: 'எ என் பை என் மேட்ரிக்ஸ்' (a n × n matrix) என்பது 'ஆன்' (an) என்று தொடங்க வேண்டும், ஏனெனில் அங்கே கணக்கில் வருவது எழுத்தன்று, ஒலி. அன்றிரவே திருத்தி அனுப்பினேன்.