பத்து மாதக் குழந்தையுடன் தனியாக: சிகாகோவில் இருந்து சென்னை வரை

அம்மாவுக்கு முட்டி அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஆகவே பத்து மாத மகளைத் தூக்கிக்கொண்டு தோஹா வழியாக நான் மட்டும் சென்னை வந்து சேர்ந்தேன். கிளம்பும் முன் தேடிப் படித்ததில் பெரும்பாலும் “பயப்படாதீங்க” என்ற ஆறுதல்தான் இருந்தது. எனக்கு வேண்டியிருந்தது எந்த இடத்தில் என்ன கேட்பார்கள், எதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற விவரம். அடுத்து கிளம்பப்போகும் அம்மாக்களுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

முதலில் காகிதங்கள். மகள் அமெரிக்காவில் பிறந்தவள், அதனால் அமெரிக்க பாஸ்போர்ட். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விண்ணப்பிக்கும்போது அம்மா, அப்பா இருவருமே நேரில் போக வேண்டும். ஒருவர் வர முடியாவிட்டால் நோட்டரி முன் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் தேவை. பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் ஓசிஐ அட்டைக்கோ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் இந்தியா வந்துபோக உதவும் அட்டை) விசாவுக்கோ விண்ணப்பிக்க முடியும். ஓசிஐ வர வாரக்கணக்கில் ஆகும். ஊரில் எப்போது என்ன அவசரம் வரும் என்று சொல்ல முடியாது. குழந்தை பிறந்த கையோடு இரண்டையும் வாங்கி வைத்துவிடுவதுதான் நல்லது.

நம் குடும்பங்களில் அடிக்கடி வரும் ஒரு சிக்கல் உண்டு. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் அப்பா பெயர் இருக்கிறது. மகளின் பாஸ்போர்ட்டில் அவள் அப்பா பெயர். வெளிநாட்டு அதிகாரி ஒருவர் பார்த்தால் எங்களுக்குள் உறவு இருப்பதாகவே தெரியாது. அதனால் பிறப்புச் சான்றிதழின் நகலையும், “என் மனைவி குழந்தையை அழைத்துப் போவதில் எனக்குச் சம்மதம்” என்று கணவர் நோட்டரி முன் எழுதித் தந்த கடிதத்தையும் பாஸ்போர்ட்டுகளோடு ஒரே உறையில் வைத்தேன். சிகாகோவின் ஓஹேர் விமான நிலைய கவுன்டரில் இருந்த பெண் இரண்டு பெயர்களையும் மாறி மாறிப் பார்த்தார். சான்றிதழை நீட்டினேன், ஒரு நிமிடத்தில் முடிந்தது.

டிக்கெட்டில் ஒரு விஷயத்தை யோசித்து முடிவெடுங்கள். இரண்டு வயது வரை மடியில் வைத்துக் கூட்டிப் போகலாம், பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் ஆகும். ஆனால் குழந்தைக்குத் தனி இருக்கை வாங்கி, கார் சீட்டில் கட்டி வைப்பதுதான் பாதுகாப்பு என்று அமெரிக்க விமானத்துறை சொல்கிறது. பணம் இருந்தால் அதைச் செய்யலாம். எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, பாஸினெட் இருக்கை கேட்டோம்.

பாஸினெட் என்பது முன்வரிசையில் எதிர்ச்சுவரில் மாட்டிக்கொடுக்கும் சின்னத் தொட்டில். டிக்கெட் போட்டதும் விமான நிறுவனத்துக்குப் போன் செய்து கேட்க வேண்டும். எடை வரம்பு உண்டு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பலரும் சொல்லாத சங்கதி ஒன்று: சீட் பெல்ட் விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும், குழந்தை அயர்ந்து தூங்கினாலும், எடுத்து மடியில் வைத்துச் சின்ன பெல்ட்டால் நம் பெல்ட்டோடு சேர்த்துக் கட்ட வேண்டும். அட்லாண்டிக்கைக் கடக்கும்போது எங்களுக்கு அடிக்கடி எரிந்தது. தொட்டிலில் போட்டுவிட்டுத் தூங்கலாம் என்ற கணக்கோடு ஏறாதீர்கள். என் வரை அது கை ஓய்வுக்கான இடம், அவ்வளவுதான். ஆனால் பதின்மூன்றரை மணி நேரப் பறப்பில் அந்த ஓய்வே பெரிய உதவி.

முன்வரிசையில் காலடியில் பை வைக்க விடமாட்டார்கள், ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாம் மேலே போய்விடும். அந்த நேரத்தில்தான் குழந்தை அழும். அதனால் இரண்டு டயப்பர், ஒரு மாற்றுச் சட்டை, பால் பாட்டில், ஒரு துணி, இவை மட்டும் உள்ள சின்னப் பையைத் தனியே கட்டியிருந்தேன். எனக்கும் ஒரு மாற்றுச் சட்டை வைத்திருந்தேன், தோஹாவுக்கு முன்பே அது தேவைப்பட்டது.

பாதுகாப்புச் சோதனையில் பால், தண்ணீர் பற்றிக் கவலை வேண்டாம். திரவங்களுக்கான 100 மில்லி வரம்பு குழந்தையின் பாலுக்குக் கிடையாது. தனியாக எடுத்து வைத்து, இது குழந்தைக்கு என்று சொன்னால் தனியே சோதித்துவிட்டுத் தருவார்கள். ஸ்ட்ரோலரை (குழந்தையைத் தள்ளிப்போகும் வண்டி) மடக்கி எக்ஸ்ரே பட்டையில் போட வேண்டும். ஒரு கையில் குழந்தை இருக்கும்போது அது முடியாத காரியம். பின்னால் நின்ற முதியவரிடம் “கொஞ்சம் மடக்கித் தருகிறீர்களா?” என்று கேட்டேன். உடனே செய்தார். அன்றைக்கு முழுக்க நான் கேட்ட யாரும் மறுக்கவில்லை. கேட்காதபோது பலர் சங்கடத்தோடு பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள், உதவ மனம் இல்லாமல் அல்ல, எங்கே கை வைப்பது என்று தெரியாமல். “இந்தப் பையை மேலே வையுங்கள்”, “பாட்டிலைப் பிடியுங்கள்” என்று குறிப்பாகச் சொன்னால் போதும்.

காது வலிக்குத்தான் நான் மிகவும் பயந்தேன். விமானத்துக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஊட்டி உயரத்தில் இருக்கும் அளவுக்குக் குறைந்திருக்கும். இறங்கும்போது அது மறுபடியும் அதிகரிக்கும், அப்போது காதுக்குள் அடைக்கும். நாம் எச்சில் விழுங்கிச் சரிசெய்துகொள்வோம், குழந்தைக்கு அது தெரியாது. சப்பினால், விழுங்கினால் காதுக்கும் தொண்டைக்கும் நடுவில் உள்ள குழாய் திறக்கும். தரையிறங்குவதற்கு அரை மணி முன்பே விமானம் கீழிறங்கத் தொடங்கிவிடுகிறது. சக்கரம் வெளியே வரும் சத்தம் வரை காத்திருந்தால் தாமதம். எனவே அதற்கு முந்தைய பாலை வேண்டுமென்றே தள்ளிப்போட்டு, பசியோடு இருக்கும்போது கொடுத்தேன். அழவே இல்லை. உள்ளே காற்றும் மிகவும் வறண்டது, சிறுநீர் போவது குறைகிறதா என்று டயப்பரைப் பார்த்துக்கொண்டே அடிக்கடி பால் கொடுத்தேன். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய்.

தோஹாவில் மூன்று மணி நேர இடைவெளி. குறைவான நேரம் உள்ள டிக்கெட்டும் இருந்தது, எடுக்கவில்லை. குழந்தையோடு மறுபடியும் ஒரு சோதனை வரிசை, டயப்பர் மாற்றம், உணவு எல்லாம் ஓட்டமாக ஓடிச் செய்ய முடியாது. ஸ்ட்ரோலர் சென்னையில்தான் கிடைக்கும் என்று முன்பே கேட்டு வைத்திருந்ததால் நெஞ்சில் கட்டிக்கொள்ளும் கேரியர் கையில் இருந்தது. தோஹா விமான நிலையத்தில் இருக்கும் பிரம்மாண்ட மஞ்சள் கரடி பொம்மைக்கு அருகில் அவளைத் தரையில் விட்டேன். மணிக்கணக்கில் மடியிலேயே இருந்த பிள்ளை, தவழ்ந்து தீர்த்துவிட்டாள்.

சென்னை விமானத்தில் பெரும்பாலும் வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள். பாத்ரூம் போகக் கூட வழியில்லாமல் நான் தவித்ததைப் பார்த்துப் பக்கத்து இருக்கைத் தம்பி கை நீட்டினார். “குடுங்க அக்கா, நான் வச்சிருக்கேன். எம் பொண்ணுக்கும் இதே வயசுதான். இன்னும் போன்லதான் பாத்திருக்கேன்.” திரும்பி வந்தபோது மகள் அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி தூங்கியிருந்தாள். எழுப்ப மனசு வரவில்லை. சாப்பாடு வந்தபோதும் அவர் ஒற்றைக் கையால்தான் சாப்பிட்டார்.

சென்னையில் இறங்கும்போது விடியற்காலை இரண்டரை. குடிவரவில் என் இந்திய பாஸ்போர்ட்டுக்கும் அவளுடைய அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கும் வேறு வேறு வரிசையோ என்று குழம்பினேன். அங்கே நின்ற ஊழியரிடம் கேட்டதும் இருவரையும் ஒரே கவுன்டருக்கு அனுப்பினார். பாஸ்போர்ட், ஓசிஐ அட்டை இரண்டையும் காட்ட வேண்டும், அட்டையைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம் தூக்கம். கோடையில் சிகாகோ நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் பத்தரை மணி வித்தியாசம், பகலும் இரவும் அப்படியே தலைகீழ். முதல் சில இரவுகள் ஒரு மணிக்கு எழுந்து விளையாடுவாள் என்று வீட்டில் முன்பே சொல்லிவைத்தேன். அப்பாவும் நானும் முறை வைத்துக்கொண்டோம். விளக்கைப் போடாமல், பேச்சுக் கொடுக்காமல் இருட்டிலேயே மடியில் வைத்திருந்தோம். காலை ஏழு மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு இருந்தாலும் மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் வெயிலில் உட்கார்ந்தோம். பகல் தூக்கத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடவில்லை. ஒரு வாரத்துக்குள் சரியாகிவிட்டது. அறுவை சிகிச்சைக்கும் பயணத்துக்கும் நடுவில் அந்த ஒரு வாரத்தை விட்டு டிக்கெட் போட்டதால்தான் ஆஸ்பத்திரியில் அம்மாவுடன் இரவு தங்க என்னால் முடிந்தது.