தொட்டில் குறைந்தால் ஆளை இறக்குமதி செய்யலாமா?

பிறப்பு குறைகிறது என்ற பேச்சு வந்தாலே "இன்னொரு பிள்ளை பெறுங்கள்" என்கிறது ஒரு தரப்பு. "வெளியாட்களைக் கொண்டுவந்தால் தீர்ந்தது" என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டுமே கணக்கைப் பாதியில் விடுகின்றன.

முதலில் எண். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களை ஐந்தைந்து வயதாக ஏழு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் ஆயிரம் பேருக்கு அந்த ஆண்டு எத்தனை பிறப்பு என்று எடுக்க வேண்டும். ஏழையும் கூட்டி, ஐந்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகள். கூட்டுத்தொகை 300 என்றால் விகிதம் 1.5. தமிழ்நாட்டுக்கு 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு 1.8 என்றது, 2020 மாதிரிப் பதிவு முறைக் (SRS) கணக்கு 1.4 என்றது. அளக்கும் முறை வேறு என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்து "சரிந்துவிட்டது" என்று சொல்லக்கூடாது. ஆனால் இரண்டுமே, மக்கள்தொகை குறையாமல் நிற்கத் தேவையான 2.1க்குக் கீழ்தான். பெண்ணைவிட ஆண் சற்றுக் கூடுதலாகப் பிறப்பதாலும், சில பெண் குழந்தைகள் தாயாகும் வயதுக்கு முன்பே இறப்பதாலும் 2 போதாது.

ஊராட்சிப் பதிவேட்டை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவதும் தப்பு. பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும். கீழக்கரைப் பெண்ணுக்கு மதுரை ஆஸ்பத்திரியில் பிரசவம் என்றால் கணக்கு மதுரைக்கு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாலும் அப்படித்தான். புருஷன் வளைகுடாவில் சபராளியாக (வேலைக்காக வெளிநாடு போனவராக) இருக்கும் வீடுகளில் இரண்டு பிள்ளைக்கு நடுவே இடைவெளி நீளும். அது பிள்ளை வேண்டாம் என்ற முடிவு ஆகாது.

காரணங்களில் பலரும் தாண்டிப்போவது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், பெரும்பாலும் இரண்டாவது பிரசவத்தை ஒட்டியே. முப்பது வயதுக்கு முன்பே பேச்சு முடிந்துவிடுகிறது. பிறகு எந்த ஊக்கத்தொகையும் அவர்களை எட்டாது. பெண் படிப்பு, தள்ளிப்போகும் கல்யாணம், சிசு மரணம் குறைந்தது, பள்ளிக் கட்டணம் எல்லாம் இதன்மேல் சேர்கின்றன. இதைப் பெண்களின் குற்றமாகப் பேசுவது அநியாயம்.

சரி, ஆள் இறக்குமதி? வந்தவர்களுக்கும் வயதாகும். உழைப்பவர், முதியவர் விகிதத்தை அப்படியே காக்க 2050க்குள் தென்கொரியாவுக்கு மட்டும் 500 கோடிக்கு மேல் ஆட்கள் தேவை என்று 2000ஆம் ஆண்டு ஐ.நா. அறிக்கை கணக்குப் போட்டது. நடக்காத காரியம் என்று காட்டத்தான் அந்தக் கணக்கு. கட்டட வேலைக்கும் முதியோர் பராமரிப்புக்கும் இன்று கை கிடைக்கும், அவ்வளவே. பீகார், ஒடிசாவிலிருந்து இங்கு வருவோரை இந்தப் பேச்சில் சேர்ப்பதே பிழை. அவர்கள் குடிமக்கள்.

ஆளை மட்டும் எடுத்துக்கொண்டு உரிமையை மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் முகாம் சாட்சி. கங்காணிகள் (தோட்டங்களுக்கு ஆள் பிடிப்பவர்கள்) திரட்டிய கூலிகளை இங்கே தங்கவைத்து, நோய் இல்லை என்று பார்த்துத்தான் இலங்கைக்குக் கப்பலேற்றினார்கள். தேயிலைத் தோட்டம் வளர்ந்தது. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்குபோட்டது. எங்கே வாழ ஆசை என்று அவர்களைக் கேட்டு எழுதிய ஒப்பந்தம் அல்ல அது.

1983க்குப் பின் அதே முகாமுக்கு இலங்கைத் தமிழ் அகதிகள் வந்தார்கள். 1987 ஜூலை 1 முதல் இங்கு பிறந்த பிள்ளைக்குப் பிறப்பால் குடியுரிமை வேண்டுமென்றால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகியது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் சலுகை தந்த நாடுகளின் பட்டியலிலும் இலங்கை இல்லை. தமிழ்நாட்டில் பிள்ளை குறைகிறது என்று கவலைப்படுகிறவர்கள், முகாமில் பிறந்து இங்கேயே தமிழ் வழியில் படித்து இங்கேயே வேலை தேடும் இந்தப் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டு முதலில் குரல் கொடுக்கட்டும்.