பள்ளிக்கூடத் தெருவை அரை மணி நேரம் மூடினால் என்ன?

ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு விழா வந்தால் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, கையில் ஆளுக்கொரு அட்டையைக் கொடுத்து, 'தலைக்கவசம் உயிர்க்கவசம்' என்று கத்தவிட்டு, போட்டோ எடுத்து மேலே அனுப்பிவிடுகிறார்கள். வண்டி ஓட்டுவது நாம், அறிவுரை மட்டும் அவர்களுக்கு. ஏழு வயதுப் பிள்ளைக்கு எதிரே வரும் வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிக்கவே சரியாக வராது. அதனிடம் போய் 'பார்த்துப் போ' என்று சொல்லிவிட்டு நம் கடமை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறோம்.

காலை எட்டேகால் மணிக்குச் சென்னையில் ஏதாவது ஒரு பள்ளி வாசலில் போய் நின்று பாருங்கள். கேட்டுக்கு நேர் எதிரில் ஒரு கார் நிற்கும், பிள்ளை இறங்கி, பை இறங்கி, சாப்பாட்டுக் கூடை இறங்கி, மறந்துபோன தண்ணீர் பாட்டிலும் இறங்கும் வரை அது நகராது. அதற்குப் பின்னால் ஆட்டோக்காரர் ஹார்னில் வைத்த கையை எடுக்கமாட்டார், ஸ்கூல் வேன் ரிவர்ஸ் எடுக்கும், இந்த நேரம் பார்த்துத்தான் தண்ணி லாரியும் அதே தெருவுக்குள் நுழையும். சரி, நடந்து வரும் பிள்ளை பிளாட்பாரத்தில் போகலாமே என்றால், அங்கே மின்வாரியப் பெட்டி, அதன் மேல் சாய்த்து நிறுத்திய பைக், அப்புறம் ஜெராக்ஸ் கடையின் போர்டு. இறங்கி ரோட்டில்தான் நடக்க வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், வாசலில் பிள்ளைகளுக்கு ஆபத்தாக நிற்கும் வண்டிகளில் பாதி, 'ரோட்டில் விட்டால் ஆபத்து' என்று பயந்து பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோருடையவை.

மூன்று வயதுக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். நகரத்தை அந்த உயரத்திலிருந்து பாருங்கள் என்று பெர்னார்ட் வான் லீர் அறக்கட்டளை 'அர்பன்95' என்ற பெயரில் ஒரு திட்டத்தையே நடத்துகிறது, நம் நாட்டில் புனே, உதய்ப்பூர், புவனேஸ்வரில் வேலை செய்திருக்கிறார்கள். ஒரு நாள் பள்ளி வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தால் புரியும்: இப்போது வரும் பெரிய கார்களின் பானெட்டுக்கு மேலே குழந்தையின் தலை தெரியாது. ஓட்டுகிறவருக்குக் குழந்தை தெரியாது, குழந்தைக்கு ரோடு தெரியாது. முகத்துக்கு நேரே சைலன்சர் புகை மட்டும் நன்றாக வரும்.

இதற்கு மருந்து ஒன்றும் புதிதில்லை. இத்தாலியில் போல்சானோ என்ற ஊரில் 1989-லேயே பள்ளி தொடங்கும்போதும் விடும்போதும் கால் மணி நேரம் தெருவை வண்டிகளுக்கு மூட ஆரம்பித்துவிட்டார்கள். லண்டனில் இன்று 500-க்கும் மேற்பட்ட பள்ளித் தெருக்கள் இப்படி இருக்கின்றன. பாரிஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. 2020-லிருந்து சுமார் 300 தெருக்களைப் பள்ளிகளுக்காக மாற்றி, பல இடங்களில் தாரையே பெயர்த்து எடுத்துவிட்டு மண் போட்டு மரம் வைத்துவிட்டார்கள். 2025 மார்ச்சில், இன்னும் 500 தெருக்களை இப்படி மாற்றலாமா என்று ஊர் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தியதில் 66 சதவீதம் பேர் சரி என்றார்கள். (ஓட்டுப் போட வந்தவர்களே நாலு சதவீதம் பேர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கமென்டில் யாராவது வந்து சொல்வீர்கள்.)

'அதெல்லாம் பாரிஸ் சார்' என்று சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. பாண்டி பஜாரில் முதலில் சும்மா சோதனைக்கு வண்டிகளை நிறுத்திப் பார்த்து, வியாபாரம் போய்விடும் என்ற புலம்பலையெல்லாம் தாண்டி, 2019-ல் அகலமான நடைபாதை வந்தது. புடவை வாங்கப் போகிறவர்களுக்குச் செய்ய முடிந்ததைப் புத்தகப் பை தூக்கிப் போகிறவர்களுக்குச் செய்ய முடியாதா?

அப்புறம் அந்தச் சைக்கிள். ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு பல வருடங்களாக இலவசமாகச் சைக்கிள் தருகிறது, நல்ல திட்டம், கிராமத்துப் பெண் பிள்ளைகள் பலர் அதில்தான் படிப்பைத் தொடர்ந்தார்கள். நகரத்தில் அதே சைக்கிளை எடுத்துக்கொண்டு மாநகரப் பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் பிள்ளையை அனுப்ப எந்த அம்மாவுக்கு மனசு வரும்? சைக்கிளைக் கொடுத்தோம், அது போக வழியைக் கொடுக்கவில்லை.

மரத்துக்கு வருகிறேன், எனக்கு இதில்தான் கோபம் அதிகம். தெருவைப் பாதுகாப்பாக்குவது வேறு, பசுமையாக்குவது வேறு என்று நினைக்கிறோம். ஏப்ரல் மாதம் மூன்றரை மணிக்குப் பள்ளி விட்டால், நிழல் இல்லாத தெருவில் எந்தப் பிள்ளையும் நடக்காது, நடக்கவிடவும் மாட்டோம், வண்டிதான் வரும். ஆகவே நிழல்தான் முதல் போக்குவரத்து ஏற்பாடு. ஆனால் நாம் மரம் நடும் லட்சணம் தெரியுமே. எங்கள் பகுதிப் பள்ளிச் சுவரை ஒட்டி வரிசையாகக் கம்பிக் கூண்டுகள் நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் நன்கொடை கொடுத்தவர் பெயர் கொட்டை எழுத்தில் பளபளக்கிறது, உள்ளே எட்டிப் பார்த்தால் டீ கப்பும் காய்ந்த குச்சியும். தப்பித்து வளர்ந்த மரங்களின் கழுத்துவரை சிமென்ட் போட்டுவிடுகிறார்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது தெருத் தெருவாக மரங்கள் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தோமே, வேர் பரவ இடம் கொடுக்காமல் மரத்தைக் குறை சொல்லி என்ன பயன்? புங்கன், பூவரசு, வேம்பு, மகிழம் என்று இந்த மண்ணுக்குப் பழகியவற்றை, சுற்றிலும் ஒரு மீட்டராவது மண் விட்டு வைத்தால் போதும். புங்கன் கோடை பிறக்கும்போது இலையை உதிர்த்துவிட்டு, பரீட்சை நடக்கும் வெயில் காலத்துக்குள் புதுத் தளிரோடு நிழல் விரித்துவிடும். பள்ளித் தெருவுக்கென்றே அளவெடுத்துச் செய்த மரம்.

எங்கள் பகுதிப் பெற்றோர் கூட்டத்தில் தெருவை மூடும் யோசனையை எடுத்தபோது ஒரு அப்பா கேட்ட முதல் கேள்வி, "அப்போ காரை எங்க சார் விடறது?" நியாயமான கேள்விதான். தெருமுனையிலேயே விடலாம், பிள்ளை இருநூறு அடி நடக்கும். அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள், ஆம்புலன்ஸ், நடக்க முடியாத பிள்ளையைக் கொண்டுவரும் வண்டி, இவற்றுக்கு மட்டும் பேரிகேடைத் தள்ளி வழி விடலாம். பள்ளியில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தப் பழகும் ஆர்.எஸ்.பி. (ரோடு சேஃப்டி பேட்ரோல்) பிள்ளைகள் முனையில் நிற்கலாம், ஆனால் கூடவே பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும், வண்டியை மறிக்கும் வேலையைப் பிள்ளை தலையில் கட்டக் கூடாது. ஆடி மாதம் அம்மன் கோயில் திருவிழாவுக்குத் தெருவை மூடுகிறோம், கட்சிக் கூட்டத்துக்கு மூடுகிறோம், கல்யாணத்துக்கு நடுத்தெருவில் பந்தல் போட்டு இரண்டு நாள் மூடுகிறோம், அப்போதெல்லாம் எந்த வண்டியும் வழி தெரியாமல் திண்டாடியதாக நான் கேள்விப்படவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் பேரிகேட் சும்மாதான் கிடக்கிறது. கவுன்சிலரிடம் மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம், ஜூனில் பள்ளி திறக்கும் முதல் வாரம் மட்டும், காலை அரை மணி, மாலை அரை மணி, சோதனைக்கு. "பார்க்கலாம்" என்றார். கையெழுத்துப் போட்டவர்களில் காரை எங்கே விடுவது என்று கேட்ட அந்த அப்பாவும் உண்டு.