தாலியம்-201: எந்த ஆக்ஸிஜனேற்றி கைகொடுத்தது?

இதய ஸ்கேனுக்குப் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் தாலியம்-201, குளோரைடு கரைசலாகத்தான் கைக்கு வரும். அதில் உலோகம் +1 மின்சுமை நிலையில் இருக்கும். பொட்டாசியம் மாதிரி நடந்துகொண்டு தானாகவே செல்லுக்குள் போய்விடும். இதயத்துக்கு அது வசதி. எங்களுக்கோ புற்றுநோய் செல்லைத் தேடிப் போகும் பெப்டைடோடு (குட்டிப் புரதத் துண்டு) அதைக் கட்ட வேண்டும். டிடிபிஏ, டோட்டா போன்ற கீலேட்டர்கள் (உலோக அயனியைக் கவ்விப் பிடிக்கும் மூலக்கூறுகள்) +1 தாலியத்தை உறுதியாகப் பிடிப்பதில்லை. +3 ஆக்கினால் பிடிக்கும்; அதற்கு எலக்ட்ரான்களைப் பறிக்கும் ஓர் ஆக்ஸிஜனேற்றி வேண்டும். அரை ஆயுள் சுமார் 73 மணி நேரம், அதனால் நிதானமாக வேலை பார்க்கலாம்.

முதலில் ஓசோன். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓசோனைக் குமிழியாக விட்டால் குளோரின் உண்டாகும், மாற்றமும் நன்றாகவே நடக்கும். ஆனால் கதிரியக்கக் கரைசலுக்குள் வாயுவைச் செலுத்துவது எனக்குப் பிடிக்கவே இல்லை: ஜெனரேட்டர், குழாய்கள், தெறிக்கும் துளிகள். ஆக்ஸோன் வெறும் உப்பு, எடை போட்டுக் கலந்தால் போதும். சிக்கல் அப்புறம்தான். மிச்சம் கரைசலிலேயே தங்கி, பெப்டைடில் உள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைத் தாக்கும்.

என் ஓட்டு அயோடோஜெனுக்கு. 1978-இல் புரதங்களில் அயோடின் ஏற்றுவதற்காக வந்த பொருள் இது. தண்ணீரில் அநேகமாகக் கரையாது. குழாயின் உட்சுவரில் பூசி, கரைசலை ஊற்றி, கொஞ்ச நேரம் வைத்து உறிஞ்சி எடுத்தால், ஆக்ஸிஜனேற்றி சுவரிலேயே நின்றுவிடும். ஆக்ஸிஜனேற்றி ஒட்டிய அயோடோ-பீட்ஸ் மணிகளும் இதே வழிதான். வலிமையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட, கடைசியில் எதைப் பிரித்துவிட முடியும் என்று பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் பட்டது.

மாறியதா என்று பார்க்க, சிலிக்கா பட்டையில் ஒரு துளி வைத்து அசிட்டோனை ஏறவிட்டால் போதும்: +1 புள்ளியிட்ட இடத்திலேயே நிற்கும், +3 மேலே ஏறும். குளோரைடைக் குறைத்துவிடக் கூடாது. அதுதான் +3 தாலியத்தை நீராற்பகுப்பிலிருந்து (தண்ணீரோடு வினைபுரிவதிலிருந்து) காக்கிறது. தாலியத்தைப் பெப்டைடோடு கட்டும் முன் அம்மோனியம் அசிடேட்டால் பி.எச். அளவை 5 பக்கம் கொண்டுவந்தோம். கதிர்வீச்சால் பெப்டைடு சிதையாமலிருக்க வழக்கமாகச் சேர்க்கும் அஸ்கார்பிக் அமிலத்துக்கு இங்கே இடமில்லை. பட்ட கஷ்டத்தையெல்லாம் அது +1-க்கே திருப்பிவிடும்.

இத்தனைக்கும் பிறகு டிடிபிஏ கூட்டுப்பொருள் இரத்த சீரத்தில் தாக்குப்பிடிக்கவில்லை. ஆக, இப்போதைய தேடல் ஆக்ஸிஜனேற்றிக்கு அல்ல, இறுகப் பிடிக்கும் கீலேட்டருக்கு.