காய்ச்சல் வந்த தேதி

நாமக்கல் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். எச்.ஐ.வி பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆட்களை உட்கார வைத்துப் பேசுவதுதான் வேலை. ஒரு காலத்தில் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே லாரி, முட்டை, அடுத்து எச்.ஐ.வி என்றுதான் வெளியூர்க்காரர்கள் பேசுவார்கள். அதனால் எங்கள் அறைக்கு வருபவர்களில் பெரும்பாலும் லாரி டிரைவர்கள்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதிகம் வருவது கர்ப்பிணிப் பெண்கள், அது வழக்கமான பரிசோதனை, பேசி ரத்தம் எடுத்து அனுப்பிவிடுவோம். அதிக நேரம் பிடிப்பது இன்னொரு வகை ஆட்கள், ஆணுறை இல்லாமல் ஒருமுறை உறவு வைத்துவிட்டு அப்புறம் உடம்பு முழுக்க அறிகுறி தேடிக்கொண்டு வருகிற இளைஞர்கள்.

அவர்கள் வரும்போதே போனில் ஒரு பட்டியல் இருக்கும். காய்ச்சல், தொண்டை வலி, முதுகில் பருக்கள், நாக்கில் வெள்ளை, கழுத்தில் கட்டி, வயிற்றுப்போக்கு, எடை குறைவு. தினமும் கண்ணாடி முன் எடுத்த நாக்குப் படங்கள் தேதிவாரியாக இருக்கும். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று அமுக்கி அமுக்கியே அந்த இடம் வீங்கி வலிக்கத் தொடங்கியிருக்கும், பயத்தில் சாப்பிடாததால் எடை உண்மையிலேயே இறங்கியிருக்கும். பதற்றத்துக்கே வயிறு கலங்கும், தூக்கம் போகும், ராத்திரியில் வியர்க்கும். அதாவது அவர்கள் பொய் சொல்வதில்லை. உடம்பில் எல்லாம் நடக்கத்தான் செய்கிறது, காரணம்தான் வேறு.

நான் முதலில் பட்டியலைத் தொடுவதே இல்லை. இரண்டு தேதி கேட்பேன். உறவு வைத்தது என்றைக்கு, காய்ச்சல் வந்தது என்றைக்கு. ஒரு தம்பி, வெளிநாட்டு வேலைக்கு விசா மெடிக்கல் போக வேண்டியவன், உறவு வைத்த மறுநாளே காய்ச்சல் வந்துவிட்டது, கிருமி ஏறிவிட்டது என்று அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தான். எச்.ஐ.வி தொற்றினால் வரும் ஆரம்பக் காய்ச்சல் பொதுவாக 2 முதல் 4 வாரம் கழித்துத்தான் வரும், மறுநாள் வராது. நாக்கில் வெண்படலம் என்பதோ பெரும்பாலும் பல வருடம் சிகிச்சை இல்லாமல் எதிர்ப்புச் சக்தி நன்றாகக் குறைந்த பிறகு வருவது. இதைச் சொன்னதும் முகம் கொஞ்சம் தெளியும். ஆனால் அடுத்த கேள்வி உடனே வரும். "அப்ப எனக்கு வேற எந்த அறிகுறியும் வரலைன்னா இல்லைன்னு அர்த்தமாங்க சார்?" அதுவும் இல்லை தம்பி என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. தொற்றியவர்களில் பலருக்கு ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது, அப்புறம் வருடக்கணக்கில் நன்றாகவே இருப்பார்கள். எங்கள் மையத்தில் தொற்று உறுதியானவர்களில் நான் நினைவில் வைத்திருப்பவர்கள் அப்படித்தான், ஒருவர் ரத்ததானம் செய்த இடத்திலிருந்து அனுப்பப்பட்டவர், இன்னொருவர் மனைவியின் கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் பின் கூட்டி வரப்பட்டவர். இரண்டு பேருமே காய்ச்சல் என்று வரவில்லை.

ரத்ததானம் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் வருகிற விஷயம் இது ஒன்றுதான். யாருக்கும் தெரியாமல் டெஸ்ட் ஆகிவிடும் என்று ரத்ததான முகாமில் போய்ப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். தொற்றிய புதிதில் சோதனையில் சிக்காத காலம் ஒன்று உண்டு, அந்த நேரத்தில் கொடுத்த ரத்தம் யாரோ ஒரு பிள்ளைக்கு ஏறலாம். இங்கே சோதனை இலவசம், சம்மதம் இல்லாமல் யாரும் ரத்தம் எடுக்க மாட்டார்கள், முடிவை வெளியே சொல்லக்கூடாது என்று 2017-இல் சட்டமே வந்து 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அப்படியிருக்க அடுத்தவர் உயிரில் சோதித்துப் பார்ப்பானேன்?

எத்தனை சதவீத வாய்ப்பு என்று எல்லோரும் கேட்பார்கள். சிகிச்சை எடுக்காத, எச்.ஐ.வி உள்ள பெண்ணுடன் ஆணுறை இல்லாமல் ஒருமுறை பெண்ணுறுப்பு வழியாக உறவு வைக்கும் ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு சராசரியாக 10,000-க்கு 4. அதே உறவில் கிருமி ஆணிடம் இருந்தால் பெண்ணுக்கு 10,000-க்கு 8. ஆசனவாய் உறவில் வாங்கும் பக்கம் இருப்பவருக்கு 138. பிறப்புறுப்பில் புண் இருந்தால் எல்லாமே ஏறும். இந்தக் கணக்கைச் சொல்லலாமா வேண்டாமா என்று எனக்கு இன்றும் தயக்கம் உண்டு. பயந்தவனிடம் சொன்னால் அந்த நாலில் ஒருவன் நான்தான் என்று முடிவு கட்டிக்கொள்கிறான், அடிக்கடி வெளியே போகிற ஆளிடம் சொன்னால் "அட, அவ்வளவுதானா" என்று சிரிக்கிறார். பயத்தின் அளவுக்கும் ஆபத்தின் அளவுக்கும் சம்பந்தமே இருப்பதில்லை. நிச்சயம் ஆன பையன், ஒரே ஒருமுறை தவறியவன், நடுங்கிப் போகிறான். அவனை நடுங்க வைப்பது வைரஸ் மட்டும்தானா என்று பேசப் பேசத்தான் தெரியும். பாதி நேரம் அவன் பாவமன்னிப்பு கேட்கத்தான் வந்திருப்பான், அதைக் கொடுக்கிற இடம் எங்கள் அறை இல்லை என்றாலும் கேட்டுக்கொள்வேன்.

எனக்கு நிஜமாகவே வருத்தம் தருவது தாமதம். தொற்றைத் தடுக்க மருந்து இருக்கிறது, 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் சில மணி நேரத்திலேயே ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும். நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் கையில் குத்திய நர்ஸ்களுக்கும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் கொடுப்பதைப் போல மற்றவர்களுக்கும் கொடுக்கலாமா என்பதை ஆபத்தைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். அந்த மூன்று நாளில் நம் ஆட்கள் எதுவும் செய்வதில்லை, ஏனென்றால் அப்போது உடம்பில் ஒன்றும் இருக்காது. காய்ச்சல் வந்த பிறகுதான் ஓடி வருகிறார்கள். அதற்குள் கதவு சாத்திவிடும்.

சோதனையிலும் இதே அவசரம். ஒரு வாரத்தில் தனியார் லேபில் எடுத்து நெகட்டிவ், பத்தாம் நாள் இன்னொரு லேப், யாரோ சொன்னார்கள் என்று சி.டி.4 வேறு. சி.டி.4 என்பது எதிர்ப்புச் சக்தி தரும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, தொற்று இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் சோதனையே இல்லை, அது தொற்று உறுதியான பிறகு பார்ப்பது. லேபில் செய்யும் நாலாம் தலைமுறைச் சோதனை, அதாவது ஆன்டிபாடியோடு கிருமியின் புரதத்தையும் சேர்த்துத் தேடுவது, 45 நாளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் காட்டிவிடும், எங்கள் மையத்தில் செய்யும் விரைவுச் சோதனைக்கு 3 மாதம் கணக்கு. வந்த அன்றே ஒன்று எடுப்போம், 3 மாதம் கழித்து மறுபடி. இடைப்பட்ட நாட்களில் மனைவியோ யாரோ, ஆணுறை கட்டாயம், ரத்தம் கொடுக்கக்கூடாது. முதல் கிட்டிலேயே நெகட்டிவ் என்றால் அத்தோடு நிறுத்திவிடுவோம், பாசிட்டிவ் காட்டினால்தான் இன்னும் இரண்டு வேறு கிட்டில் பார்த்து உறுதி செய்வோம். இது தெரியாமல் "எனக்கு மட்டும் ஒரு கிட்டோட முடிச்சிட்டீங்களே" என்று எங்கள் லேப் டெக்னீசியனிடம் சண்டைக்கு நின்றவர்கள் உண்டு.

3 மாதம் தாண்டி நெகட்டிவ் வந்தும் நம்பாதவர்கள் ஒரு சிலர். சோதனை தேடுவது கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியை, என் உடம்பு மட்டும் அதை உண்டாக்காதோ என்பார்கள். இவர்களுக்குத் திரும்பத் திரும்ப ரத்தம் எடுப்பது, சொறியச் சொறிய அரிப்பு கூடுகிற கதைதான். மனநல மருத்துவரிடம் அனுப்புவேன், வர மறுத்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்காவது பேசச் சொல்வேன். "எனக்கென்ன பைத்தியமா" என்று கோபித்துக்கொண்டு போனவர்கள் சிலர் பிறகு போயும் இருக்கிறார்கள்.

பாசிட்டிவ் வந்தால்? பயந்தவர்கள் நினைக்கிற மாதிரி அத்தோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. பெரும்பாலானோருக்கு தினம் ஒரு மாத்திரை, எச்.ஐ.வி சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி மையத்தில் இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்றால், உறவின் மூலம் அடுத்தவருக்குப் பரவாது. இதைச் சொல்லும்போது பயத்தோடு வந்தவர்கள் காதில் வாங்குவதே இல்லை, நல்ல செய்தி கேட்கிற மனநிலையில் இருக்க மாட்டார்கள்.

ஆனால் என் பதிவேட்டில் மறுசோதனைக்கான கட்டம் காலியாகக் கிடப்பது இப்படிப் பயந்து வந்தவர்களுக்குத்தான். கையைப் பிடித்துக்கொண்டு 3 மாதத்தில் கண்டிப்பாக வருகிறேன் என்று சொல்லிப் போவார்கள், அதற்குள் காய்ச்சல் போய்விடும், நாக்கு சிவந்துவிடும், ஆளும் வரமாட்டார். நான் போன் செய்தால் சிலர் ராங் நம்பர் என்று வைத்துவிடுவார்கள். அந்த விசா தம்பி மட்டும் எடுத்துப் பேசினான். "இப்ப உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க சார், நல்லா இருக்கேன்" என்றான். அதனால்தான் கண்ணு வரச் சொல்கிறேன் என்றேன். திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான்.