ரயிலில் ஜப்பான்: அம்மாவோடு பத்து நாள்

அம்மா வளர்ந்தது விழுப்புரம் ரயில்வே காலனியில். தாத்தா கூட்ஸ் வண்டி கார்டு. அவர் போய்ச் சேர்ந்து முப்பது வருஷம் ஆகிறது, அவருடைய பித்தளை விசில் மட்டும் இன்னும் எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் இருக்கிறது. "ஒரு தடவையாவது புல்லட் ரயில்ல போகணும்டி" என்று அம்மா பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போன நவம்பரில், அவருடைய 69ஆவது வயதில், சென்னையிலிருந்து கிளம்பிய 22 பேர் கொண்ட ஒரு குழுவில் நாங்கள் இருவரும் சேர்ந்துகொண்டோம். ஊருக்கு ஊர் ரயிலிலேயே போகும் திட்டம் என்பதால்தான் அந்தச் சுற்றுலாவைத் தேர்ந்தெடுத்தேன்.

தோக்கியோவில் இரண்டு நாள். அசாகுசாவில் சென்சோஜி கோயிலின் பெரிய சிவப்பு விளக்கின் கீழே எல்லோரையும் போல நாங்களும் படம் எடுத்துக்கொண்டோம். 1945 குண்டுவீச்சில் எரிந்துபோன கோயில் அது. மூலக்கட்டடத்தை 1958இல் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். மற்றபடி அங்கே பார்த்தது பெரும்பாலும் கூட்டமும் கடைகளும்தான்.

எங்களுக்கு உண்மையான பயணம் தோக்கியோ ரயில் நிலையத்தில் ஆரம்பித்தது. எங்கள் வழிகாட்டி ஒரு ஜப்பானியப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். முந்தின இரவே பெரிய பெட்டிகளையெல்லாம் வாங்கிக் கூரியரில் கியோத்தோ ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டார். தோளில் ஒரு பை மட்டும். "நாம் இறங்கும் ஊரில் வண்டி நிற்பது ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம்தான். மூன்று நிமிஷம் முன்னாலேயே கதவுக்குப் பக்கத்தில் வந்து நில்லுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

வண்டி வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள். துப்புரவு ஊழியர்கள் ஏறினார்கள். அவர்களுக்குக் கிடைப்பது சில நிமிஷங்கள்தான். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரே ஆள் ஒரு பெட்டி முழுக்க நடந்து, இருக்கைகளை வரிசையாக வண்டி போகும் திசைக்குத் திருப்பி, சாப்பாட்டுத் தட்டுகளைத் துடைத்து, தலைசாய்க்கும் துணியைச் சரிசெய்து, கடைசியில் மேல் அடுக்கில் யாராவது எதையாவது விட்டுப்போயிருக்கிறார்களா என்று நிமிர்ந்து பார்த்தார். வெளியே வந்ததும் வரிசையாக நின்று எங்களைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்கள்.

அம்மாவின் பார்வை அங்கே இல்லை. நடைமேடை விளிம்பில் வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர் ஒருவர் நின்றிருந்தார். கதவு மூடுவதற்கு முன் கையை நேராக நீட்டி, வண்டியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுட்டிக்காட்டி, வாய்விட்டு ஏதோ சொன்னார். பக்கத்தில் யாரும் இல்லை; தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. கண்ணால் பார்த்ததை விரலால் காட்டி வாயால் சொன்னால் தப்பு நேராது என்பது ஜப்பான் ரயில்வேயின் நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம். "ஏண்டி, அந்தக் கையைப் பாரேன். தாத்தா கொடி காட்டுறப்ப இப்படித்தான் விறைப்பா நிப்பாரு" என்றார் அம்மா.

தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையிலான இந்தப் பாதை திறந்தது 1964 அக்டோபர் 1. அறுபது வருஷத்துக்கு மேல் ஓடியும், தடம் புரண்டோ மோதியோ ஒரு பயணி கூட இறந்ததில்லை. அதிகபட்ச வேகம் மணிக்கு 285 கிலோமீட்டர். உள்ளே உட்கார்ந்திருந்தால் வேகமே தெரியாது. கம்பங்கள் ஓடுவதைப் பார்த்தால்தான் தெரியும். வலப்பக்கம் இரட்டை இருக்கை வரிசை, அதில் சன்னலோரம் அம்மாவுக்கு. முக்கால் மணி நேரத்தில் ஃபூஜி மலை வந்தது. மேகமே இல்லை. உச்சியில் மட்டும் பனி, கீழே ஊதா நிறம். பெட்டியில் ஒருவரும் பேசவில்லை. இரண்டே கால் மணி நேரத்தில் கியோத்தோ.

வெளியே போகும் வாயிலில் டிக்கெட்டை இயந்திரம் விழுங்கிக்கொள்ளும். அம்மாவுக்கு அந்த டிக்கெட் வேண்டும். வழிகாட்டியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் ஓரத்தில் ஆள் இருந்த வாயிலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்த பையன் டிக்கெட்டில் ஒரு முத்திரை குத்தி, இரண்டு கையாலும் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தான். அன்றிலிருந்து வழிகாட்டி அம்மாவை 'ஒகாசான்' என்று கூப்பிட ஆரம்பித்தார். அம்மா என்று அர்த்தம்.

கியோத்தோவில் பொற்கோயில், ஃபுஷிமி இனாரியின் சிவப்பு வாயில்கள் எல்லாம் பார்த்தோம். படங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள், அப்படியேதான் இருக்கின்றன. நான் சொல்ல வேண்டியது சஞ்ஜுசன்கென்தோ பற்றி. 120 மீட்டர் நீளமுள்ள மர மண்டபம், 1266இல் திரும்பக் கட்டியது. உள்ளே செருப்பில்லாமல் போக வேண்டும், படம் எடுக்கக் கூடாது. நடுவில் உட்கார்ந்த கோலத்தில் பெரிய கன்னோன், அதாவது கருணையின் போதிசத்துவரான நம் அவலோகிதேஸ்வரர். இரண்டு பக்கமும் ஐந்நூறு ஐந்நூறாக, ஆள் உயரத்தில் நிற்கும் கன்னோன்கள். மொத்தம் 1001. மரத்தில் செதுக்கிப் பொன் தகடு ஒட்டியவை. மங்கிய வெளிச்சத்தில் அந்த முகங்கள் வரிசைக்குப் பின் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கின்றன.

அவர்களுக்கு முன்னால் 28 காவல் தெய்வங்கள். பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டே நடந்தேன். பொன்தென் என்றால் பிரம்மா. தாய்ஷாகுதென், இந்திரன். பிஷாமோன், குபேரன். அப்புறம் அசுரன், கந்தர்வன், கின்னரன். ஒரு சிலைக்கு முன்னால் அம்மா நின்றுவிட்டார். அலகு மூக்கு, முதுகில் சிறகு, கையில் புல்லாங்குழல். கருரா. "கருடன்டி" என்றார் சத்தமாக. காவலர் திரும்பிப் பார்த்தார். பெருமாளைச் சுமக்கிற கருடனைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இங்கே அவர் தலையைச் சற்றுச் சாய்த்து, கண்ணை உருட்டி, குழல் வாசிக்கிறார். அம்மா கைகூப்பிவிட்டுத்தான் நகர்ந்தார். இந்த மண்டபத்துக்குக் குழுவுக்குக் கொடுத்த நேரம் 40 நிமிஷம். எந்தச் சுற்றுலா நிறுவனத்தோடு போனாலும், இங்கே இரண்டு மணி நேரம் வேண்டும் என்று முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுநாள் நாரா. தோதாய்ஜி கோயிலில் 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தர். இந்தச் சிலைக்கு 752இல் கண் திறந்துவைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. நம் ஸ்தபதிகள் சிலைக்குக் கண் திறப்பார்களே, அதே சடங்குதான். அவர் பிடித்திருந்த தூரிகையிலிருந்து நீண்ட கயிறு போனது, கீழே கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கண் திறந்த புண்ணியம் எல்லோருக்கும் சேரட்டும் என்று. 736இல் கடல் கடந்து வந்த அந்த மனிதர் திரும்பிப் போகவே இல்லை, இங்கேயே காலமானார். அவர் மதுரைக்காரர் என்று சொல்பவர்களும் உண்டு. வழிகாட்டி இதைச் சொல்லி முடித்ததும், எங்கள் குழுவில் இருந்த மதுரைப் பெரியவர் ஒருவர் பேச முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாப்பாட்டைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஜப்பானில் சிரமம்தான். இறைச்சி கண்ணுக்குத் தெரிந்துவிடும், 'தாஷி' தெரியாது. உலர்ந்த மீன் சீவலைக் கொதிக்கவைத்து எடுக்கும் சாறு அது. சூப், நூடுல்ஸ், வேகவைத்த காய்கறி எல்லாவற்றிலும் சேர்ப்பார்கள். சைவம் என்று எழுதி வாங்கிய ஓர் உணவகத்திலேயே காய்கறிக்கு மேல் மீன் சீவலைத் தூவிக் கொண்டுவந்துவிட்டார்கள். அம்மா அன்று வெறும் சோறும் நாங்கள் கொண்டுபோன புளிக்காய்ச்சலும். கடைகளில் கிடைக்கும் சோற்று உருண்டையில், உப்பில் ஊறிய பிளம் காய் வைத்தது அவருக்குப் பிடித்துப்போனது. "நம்ம வடுமாங்கா மாதிரி சுருக்குனு இருக்கு."

ஹிரோஷிமாவில் அரை நாள். குண்டு விழுந்த மூன்றாவது நாளே ஒரு பகுதியில் ஓடத் தொடங்கியவை இந்த ஊர் டிராம்கள். அமைதிப் பூங்காவில் சதாகோ சசாகியின் நினைவுச் சின்னம். குண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. 1955இல், பன்னிரண்டு வயதில், ரத்தப் புற்றுநோயில் இறந்தாள். மருத்துவமனைப் படுக்கையில் காகிதக் கொக்குகள் மடித்துக்கொண்டே இருந்தவள். இன்றைக்கும் உலகம் முழுக்கப் பிள்ளைகள் அனுப்பும் கொக்குகள் கண்ணாடிக் கூண்டுகளில் நிறைந்திருக்கின்றன. அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை.

கடைசி இரண்டு நாள் கோயாசான் என்ற கோயில் மலை. ஒசாகா நம்பாவிலிருந்து ரயில். மலை ஏற ஏறச் சுரங்கங்கள், வளைவுகள். கோகுராகுபாஷியில் பாதை முடிகிறது. சொர்க்கப் பாலம் என்று அர்த்தம். அங்கிருந்து ஐந்து நிமிஷம் செங்குத்தாக இழுத்துச் செல்லும் கேபிள் வண்டி. மேலே சுமார் 800 மீட்டர் உயரத்தில், 816இல் கூகாய் என்ற துறவிக்கு அரசர் கொடுத்த இடம். இப்போதும் ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில்களில் யாத்ரீகர்கள் தங்கலாம்.

அன்று இரவு அம்மா பத்து நாளில் முதல் தடவையாகக் கேள்வியே கேட்காமல் சாப்பிட்டார். இளம் துறவி ஒருவர் சிவப்பு அரக்குத் தட்டுகளைக் கொண்டுவந்து பாயில் வைத்தார். எள்ளை அரைத்துக் கிண்டிய வழுவழுப்பான கட்டி, உறையவைத்து உலர்த்திய டோஃபு, மாவில் தோய்த்துப் பொரித்த தெம்புரா, ஊறுகாய், சோறு. மீன் கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. "நம்ம விரதச் சாப்பாடு" என்று அம்மா ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

விடியற்காலை ஆறு மணிக்கு கோமா. சொல்லைப் பார்த்தாலே தெரியும், ஹோமம். குருக்கள் சின்னச் சின்ன மரக்குச்சிகளை அடுக்கி, அகப்பையால் எண்ணெய் விட்டார். தீ ஆள் உயரத்துக்கு எழும்பியது. மேளம் அதிர அதிர மந்திரம். "ஒன் அபொக்யா பெய்ரொஷானோ" என்று கேட்டது. ஓம் அமோக வைரோசன. சீனா போய், ஜப்பான் வந்து, ஆயிரத்து இருநூறு வருஷம் நாக்கில் உருண்டு தேய்ந்த சமஸ்கிருதம். குளிரில் போர்வையோடு உட்கார்ந்திருந்த அம்மா, வார்த்தை புரியாமலே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

ஒகுனோயின் கல்லறைக் காட்டில் இரண்டு கிலோமீட்டர் நடை. வானளாவிய மரங்களுக்கு நடுவே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நினைவுக் கற்கள், பாசி படிந்து. பல கற்கள் ஐந்து அடுக்கு: கீழே சதுரம், அதன்மேல் உருண்டை, பிறகு கூம்பு, அரைவட்டம், உச்சியில் ரத்தின வடிவம். நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம். பஞ்சபூதத்தை அடுக்கிவைத்து அதன் கீழே மனிதரை வைத்திருக்கிறார்கள். கோடியில் கூகாயின் சன்னதி. 835இல் அவர் தியானத்தில் அமர்ந்தார், இன்னும் அதிலேயே இருக்கிறார் என்பது நம்பிக்கை. தினமும் இரண்டு வேளை அவருக்குச் சாப்பாடு போகிறது.

கிளம்பும் முன் கரான் என்ற கோயில் வளாகத்தில் ஒரு பைன் மரத்தைக் காட்டினார் வழிகாட்டி. கூகாய் சீனாவிலிருந்து வீசிய மூன்று முனை வஜ்ரம் வந்து சிக்கிய மரம் என்பார்கள். சாதாரணமாக இரண்டு ஊசியாக இருக்கும் இலை இங்கே சிலது மூன்று ஊசியாக விழும், கிடைத்தால் நல்லது. 22 பேரும் குனிந்து தேடினோம். கால் மணி நேரம் கழித்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றபோது, "ஒகாசான்!" என்று வழிகாட்டிதான் கத்தினார். அம்மாவின் உள்ளங்கையில் பழுப்பேறிய மூன்று ஊசி.

இலையும் முத்திரை குத்திய டிக்கெட்டும் இப்போது சாமி அலமாரியில், தாத்தாவின் விசிலுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.